காலண்டரின் பின்பக்கத்தில் கல்லூர்

நம் வயதுக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடெல்லாம் அதைத் தேடுகிறவர்களுக்காக. படி ஏறும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு ‘முருகா’ என்கிறவர்களுக்காக. இளையவர்கள் படித்தால் படிக்கட்டும். ஆனால் ‘அப்பவே சொல்லியிருக்கலாமே ஆன்டி’ என்று என்னிடம் வந்து சொல்ல வேண்டாம். அது எனக்கே தெரியும். நாற்பது வருடமாகத் தெரியும்.

மலைக்கு அடியில் குள்ளர்கள் கட்டிய ராஜ்ஜியம், ஒரே நாளில் காணாமல் போன ராஜ்ஜியம், இப்போது தொலைக்காட்சித் தொடராக வந்திருக்கிறதே, பார்த்தீர்களா? என் அண்ணன் மகள் சுபாங் ஜெயாவில் கல்லூரியில் படிக்கிறாள். விடுமுறைக்கு என் வீட்டுக்கு வந்தவள் இரண்டே நாளில் எல்லாப் பாகங்களையும் பார்த்து முடித்தாள். நான் வெங்காயம் உரிக்கிற சாக்கில் ஓர் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். இதற்கு முன்னால் அதே கதை சினிமாவாக வந்தது. கணினி விளையாட்டாகவும் வந்தது. சினிமா வந்தபோது என் வீட்டுக்காரர் ஆசையாக டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தார். தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். பாவம் மனுஷன், அவருக்குக் காரணம் தெரியாது.

காரணம் இதுதான்: அந்த ராஜ்ஜியம் என் அண்ணனின் படிப்பை விழுங்கியது. நான் வாயைத் திறந்திருந்தால் அது நடந்திருக்காது.

பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு. அப்பாவுக்கு சிக்னல் பிரிவில் வேலை. வீட்டிலும் அவர் சிக்னல்தான். கையைத் தூக்கினால் நிற்க வேண்டும், இறக்கினால் போகலாம், பேச்சு கிடையாது. அம்மா ஊராருக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பார். அண்ணனுக்குப் பதினைந்து வயது, மூன்றாம் படிவம், அரசாங்கப் பரீட்சை எழுதுகிற வருடம். எனக்குப் பத்து. அண்ணன் படிப்பில் கெட்டி. அவனைப் பற்றி அப்பா பெருமையாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அவனுடைய மதிப்பெண் அட்டை வந்துவிட்டால், கையெழுத்துப் போட்ட பிறகும் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் வேலைக்குப் போவார். நண்பர்களிடம் காட்டுவாராம். அதை நாங்கள் கண்டுகொள்ளாத மாதிரி இருக்க வேண்டும்.

பழைய பேப்பர் கடையில், கட்டிப் போட்டிருந்த செய்தித்தாள்களுக்கு நடுவே அந்த ஆங்கிலப் புத்தகம் அண்ணனுக்குக் கிடைத்தது. அட்டை இல்லை. கடைசிப் பக்கங்களும் இல்லை. கரையான் தின்றதோ, யாராவது வடை சுற்றக் கிழித்தார்களோ, யார் கண்டது. அண்ணன் படிப்பான், எங்களுக்குத் தமிழில் சொல்வான். எங்களுக்கு என்றால் எனக்கும் டோபிக்கடைக்காரர் மகனுக்கும். அவன் அண்ணனின் வகுப்புத் தோழன். டோபிக்கடைக்குப் பின்னால் வெள்ளை விரிப்புகள் காயும் கொடிகளுக்கு நடுவேதான் எங்கள் கூட்டம். கஞ்சி வாசனை மூக்கைத் துளைக்கும். இன்றைக்கும் கஞ்சி போட்ட துணியை முகர்ந்தால் எனக்குக் குள்ளர்கள்தான் ஞாபகம் வருகிறார்கள்.

புத்தகத்தில் அந்த ராஜ்ஜியத்தின் பெயர் பல்லை உடைக்கிற பெயர். அண்ணன் அதற்குக் கல்லூர் என்று பெயர் வைத்தான். மலைக்கு அடியில் ஏழு அடுக்கு. மேலடுக்கில் சமையல், அடியடுக்கில் உலை, நடுவே ராஜா தூங்கும் பொக்கிஷ மண்டபம். எதிரிகள் மலையைச் சூழ்ந்த அன்று குள்ளர்கள் வாசலை உள்ளிருந்து மூடிக்கொண்டார்கள். மூடிய பிறகு பார்த்தால் வெறும் பாறை. வெளியே மாட்டிக்கொண்டது வாயில்காவலன் ஒருவன் மட்டும். வாசல் எங்கே என்று யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று உலைத்தீயின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தவன் அவன். எதிரிகள் அவனைப் பிடித்துக் கட்டிவைத்து மூன்று நாள் கேட்டார்கள். அவன் பேசவில்லை. நான்காம் நாள் காவலன் வாயைத் திறந்தான்.

அவ்வளவுதான். எங்கள் புத்தகம் அந்த வரியோடு முடிந்துவிட்டது.

“மூஞ்சியில காறித் துப்பியிருப்பான்,” என்றான் டோபிக்கடைப் பையன்.

“தண்ணி கேட்டிருப்பான்,” என்றேன் நான்.

“போடி இவளே. மூணு நாள் பேசாதவன் நாலாவது நாள் தண்ணியா கேப்பான்?” அண்ணன் புத்தகத்தை மூடினான். “வாயத் தெறந்திருப்பான். ஆனா ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டான். அவன் சொல்ற ஆள் இல்ல.”

பக்கங்கள் இல்லாத குறையை நாங்களே தீர்த்துக்கொண்டோம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு காலத்தில் செங்கல்லுக்காக மண் தோண்டினார்கள் இல்லையா? “அவ்வளவு மண்ணும் மேல வந்துடுச்சுன்னா கீழ என்ன இருக்கும்? யோசிங்க,” என்றான் அண்ணன். கல்லூர் எங்கள் காலடியில்தான் இருக்கிறது என்று முடிவாயிற்று. உடனே படம் போட வேண்டும். எங்கள் தெருமுனை நகைக்கடை வருடா வருடம் பெரிய காலண்டர் கொடுக்கும். முன்பக்கம் பூராவும் மகாலட்சுமி. வருடம் முடிந்தாலும் சாமி படத்தைக் குப்பையில் போட அம்மாவுக்கு மனசு வராது. சுருட்டி அலமாரி மேல் வைத்துவிடுவார். அதில் ஒன்றை எடுத்து அதன் வழுவழுப்பான வெள்ளை முதுகில் அண்ணன் கல்லூரை வரைந்தான். எங்கள் குவார்ட்டர்ஸ், டோபிக்கடை, பின்சந்து, கோயில் எல்லாம் இருந்தன. பின்சந்தில் ஓடும் பெரிய சாக்கடையை, அதான் நம்ம லோங்காங்கை, சுரங்கப்பாதை ஆக்கினான். அதன் வழியே சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்துப் பொக்கிஷ மண்டபத்தில் கொண்டுபோய் முடித்து ஒரு பெருக்கல் குறி போட்டான். பொக்கிஷ மண்டபத்துக்கு எங்கள் தெருவில் வேறெந்த இடம் பொருந்தும்? நகைக்கடைதான்.

எழுத்துகூட அவன் சொந்தமாக உண்டாக்கினான். ஆணி ஆணியாக இருக்கும். இரண்டே நாளில் நான் மனப்பாடம் செய்துவிட்டேன். படத்தின் மேல் பக்கம், நடுவில், எங்கள் மூவரின் பதவிகளையும் அதில் எழுதினான். அண்ணன் வாயில்காவலன். டோபிக்கடைப் பையன் உலைத்தலைவன். நான் விளக்குக்காரி.

அப்புறம் சத்தியம். குள்ளர்களுக்கு உலைத்தீ, எங்களுக்குச் சூடம். தண்டவாள வேலியோரம் மரத்தடி முனியாண்டிக்கு முன்னால், அம்மாவின் டப்பாவிலிருந்து நான் எடுத்து வந்த சூடத்தைக் கொளுத்தினோம். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்ன சொல் பொய்த்தால் குடும்பத்தையே அடிக்கும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். படத்தைப் பற்றியும், எழுத்தைப் பற்றியும், யார் யார் இதில் இருக்கிறோம் என்பதைப் பற்றியும் அப்பா அம்மாவிடம்கூட மூச்சு விடக்கூடாது. அண்ணன் அணைத்தான். டோபிக்கடைப் பையன் அணைத்தான். என் முறை வந்தது.

“இவ வேணாம்டா. ரெண்டு மிட்டாய் குடுத்தா அம்புட்டையும் கக்கிடுவா,” என்றான் டோபிக்கடைப் பையன்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “எங்கம்மா கண்ணு மேல சத்தியம்!” என்று கத்திக்கொண்டே படாரென்று அடித்தேன். உள்ளங்கை சுட்டுவிட்டது.

“ஏய், கண்ணு கிண்ணுன்னு ஏண்டி சொன்ன?” என்று அண்ணன் பதறினான். என்னை யாரும் சொல்லச் சொல்லவில்லை. வீம்புக்கு நானே சொன்னேன்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை காலையில், நகைக்கடையைத் திறந்தவர் தலையில் கை வைத்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்துவிட்டார். லோங்காங் வழியாக வந்து, பின்சுவரில் ஓட்டை போட்டு, யாரோ உள்ளே புகுந்து துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஓட்டை சின்னது. “பெரிய ஆளு நொழைய முடியாதுலா. விடலப் பசங்க வேலதான். எவனோ உள்ளூர்க்காரன் வழி காட்டியிருக்கான்,” என்று தெருவே பேசியது. போலீஸ் வீடு வீடாக வந்து, பையன்கள் எத்தனை பேர், யாரோடு சுற்றுகிறார்கள் என்று கேட்டது. குண்டர் கும்பல் என்ற வார்த்தை அந்த நாளில் நம் வீடுகளில் எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பையனைப் பெற்றவர்கள் எல்லாரும் அந்த வாரம் வயிற்றில் நெருப்போடு இருந்தார்கள்.

எங்களுக்கு அது உறைக்கவே இல்லை, நம்புங்கள். கல்லூரின் பொக்கிஷம் வேறு, நகைக்கடைத் தங்கம் வேறு. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை.

அடுத்த சனிக்கிழமை அம்மா தீபாவளிக்கு வீட்டைத் துப்புரவு செய்தார். நான் கூடத்து வாசலில் உட்கார்ந்து குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அலமாரி மேலிருந்து காலண்டர்களை இறக்கிய அம்மா, எந்த லட்சுமி கசங்காமல் இருக்கிறார், கண்ணாடி போடலாமா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். ஒன்றைப் பிரித்தவர் திருப்பினார். அப்படியே நின்றார். அப்புறம் கட்டிலில் போய் உட்கார்ந்தார். அப்பா வேலையிலிருந்து திரும்பும்வரை எழுந்திருக்கவில்லை. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து கருகியது.

அப்பா சட்டையைக்கூடக் கழற்றவில்லை. படத்தை மேசையில் விரித்து நான்கு மூலைக்கும் நான்கு டம்ளர் வைத்தார். அண்ணனைக் கூப்பிட்டார்.

“இது யார் வரைஞ்சது?”

“நாந்தான்ப்பா.”

“இந்தச் செவப்புக் கோடு லோங்காங்ல போய் நகைக்கடையிலதான முடியுது?”

“ஆமாம்ப்பா.”

“எவன் வரையச் சொன்னான்?”

அண்ணன் பேசவில்லை.

“இது என்ன எழுத்துடா? எந்தக் கும்பலு? யார் யாரு இருக்கீங்க?”

பேசவில்லை.

“நா திருடலப்பா,” என்றான் கடைசியில். “அத வேணும்னா எந்தச் சாமி மேல வேணும்னாலும் சத்தியம் பண்றேன்.”

“நீ திருடலன்னு எனக்குத் தெரியும். அன்னிக்கி ராத்திரி பூரா நீ வீட்டுலதான் இருந்த. திருடுனவனுக்கு வழி போட்டுக் குடுத்திருக்க. அதுக்குப் பதில் சொல்லு.”

அப்பா ரோத்தான் பிரம்பை எடுத்து வந்தார். ஆனால் அடிக்கவில்லை. படத்தின் மேல் வைத்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பிரம்பு அங்கே சும்மா கிடந்தது, அடி விழுவதைவிட எனக்குப் பயமாக இருந்தது. அண்ணன் ஒரே ஒரு முறை திரும்பி என்னைப் பார்த்தான். புளிக்கையோடு நின்றிருந்தேன். ‘சொல்லிவிடாதே’ என்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். ‘நீயாவது சொல்லு’ என்றும் இருந்திருக்கலாம். இந்த ஒரு பார்வையை நாற்பது வருடமாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், இன்னும் விளங்கவில்லை.

என்னை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பொட்டைப்பிள்ளை, பத்து வயசு, இதுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டார்கள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. டோபிக்கடையிலும் அப்பா போய் விசாரிக்கவில்லை. விஷயம் வெளியே தெரிந்தால் போலீஸ் வரும், மானம் போகும் என்று எல்லாம் நான்கு சுவருக்குள்ளேயே நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்னால் தாங்க முடியவில்லை. அம்மா முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

“அம்மா, அந்தப் படம் இருக்குல்ல... அது வந்து... ஒரு கதம்மா...”

“என்னடி கத?” அம்மா வெடுக்கென்று திரும்பினார். அவர் கண்கள் என் முகத்துக்கு நேரே இருந்தன. நான் சத்தியம் செய்த அதே கண்கள். “ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டு ஓடிப்போனேன்.

மறுநாள் காலை அம்மாவின் கண்கள் இரண்டும் ரத்தமாகச் சிவந்து, இமை வீங்கி, திறக்க முடியாமல் இருந்தன.

பள்ளிக்கூடம் போகிற வழியில் டோபிக்கடைப் பையனைப் பிடித்துச் சொன்னேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. “பாதி சொன்னதுக்கே செவந்துடுச்சு. முழுசாச் சொன்னா என்ன ஆவும்? வாய மூடிக்கிட்டு இருடி,” என்றான். மூடிக்கொண்டேன்.

அம்மா இரண்டு இரவாக அழுதிருக்கிறார், அவ்வளவுதான். மகன் குண்டர் கும்பலில் சேர்ந்துவிட்டான் என்று தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். ஐம்பது வயதுக்காரிக்கு இது புரிகிறது. பத்து வயதுக்காரிக்கு முனியாண்டிதான் புரிந்தார்.

செவ்வாய்க்கிழமை அப்பா வேலைக்குப் போகவில்லை. எங்களையும் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. மழை பிடித்துக்கொண்டு ஊற்றியது. சன்னல்களைச் சாத்தினார். சாமி மேடைக்கு முன்னால் பித்தளைத் தட்டில் சூடம் வைத்துக் கொளுத்தினார். அண்ணன் குளித்துவிட்டு ஈரத்தலையோடு நின்றான்.

“ஒன்ன போலீஸ்ல குடுக்க மாட்டேன். அடிக்க மாட்டேன்,” என்றார் அப்பா. அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நாங்கள் கேட்டதே இல்லை. “ஒண்ணே ஒண்ணு செய்யி. சூடத்த அணைச்சுச் சொல்லு. இந்தப் படத்துல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது, எவனோ மெரட்டி வரையச் சொன்னான், பயந்துக்கிட்டு வரைஞ்சேன்னு சொல்லு. நா நம்பிக்கிறேன். இதோட விட்டுடலாம். நாளைக்கிப் பள்ளிக்கூடம் போ. பரீட்சைக்குப் பன்னண்டு நாளுதான் இருக்கு.”

அப்பா அவனுக்கு ஒரு வழி விட்டார். பொய் என்று தெரிந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். அது எனக்கு நானே பிள்ளை பெற்ற பிறகுதான் தெரிந்தது.

அண்ணன் கையை நீட்டினான். சூடத்துக்கு மேலே கை நின்றது. சுடும், எனக்குத் தெரியும், ஆனாலும் எடுக்கவில்லை. அம்மா அந்தச் சிவந்த கண்களோடு “அணைச்சிருய்யா, என் ராசா, அணைச்சிருய்யா” என்று கெஞ்சினார். ‘சொல்லிடு, சொல்லிடு’ என்று எனக்குள்ளே ஒன்று கத்தியது. அம்மாவின் கண்களைப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அண்ணன் கையை இழுத்துக்கொண்டான்.

“என்னால முடியாதுப்பா.”

சூடம் தானாக எரிந்து அணைந்தது. தட்டில் கரி வட்டம் மட்டும் மிச்சம். அப்பா தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு, “ஒன் துணிமணிய எடுத்து வையி,” என்றார்.

படத்தைச் சமையலறையில் வைத்து எரிக்கப் போனார். அம்மா குறுக்கே விழுந்தார். தீபாவளி நேரத்தில் லட்சுமியை எரித்தால் வீடு உருப்படுமா என்று அழுது, முகமும் தாமரையும் இருந்த மேல் நடுப்பகுதியை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துக்கொண்டார். மீதி எல்லாம், லோங்காங்கும் பொக்கிஷ மண்டபமும் ராஜாவும், கரியாகிப் போயின.

புதன்கிழமை காலை அப்பா அண்ணனைக் கிள்ளானுக்குப் பேருந்தில் கூட்டிப்போனார். பெரியப்பாவுக்கு அங்கே லோரிப் பட்டறை இருந்தது. போலீஸ் அடங்கட்டும், அடுத்த வருஷம் பரீட்சை எழுதிக்கலாம் என்றார்கள். ஒரு கையில் துணிப்பை, ஒரு கையில் முறுக்கு டின். வாசலில் என்னைப் பார்த்து, “வெளக்கப் பத்திரமாப் பாத்துக்க,” என்றான். நான் தேய்த்து வைத்திருந்த குத்துவிளக்கைச் சொல்கிறான் என்று அம்மா நினைத்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் பெரியப்பாவுக்குக் கை ஒடிந்தது. அதற்கடுத்த வருஷம் வேறு ஏதோ ஒன்று. அண்ணன் திரும்பப் பள்ளிக்கூடம் போகவே இல்லை. நகைக்கடையில் திருடியவன் கடைசிவரை அகப்படவும் இல்லை. அகப்பட்டிருந்தால் அப்பாவின் மனசு மாறியிருக்குமோ என்னவோ. அதற்கப்புறம் அப்பா அந்தக் கடை இருந்த பக்கம் நடந்ததே இல்லை, ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கமாகப் போவார். என் கல்யாணத்துக்கு அண்ணன் இரண்டு தங்க வளையல் வாங்கி வந்தான். சபையில் வைத்து அப்பா மெதுவாக, “ரசீது இருக்கா?” என்றார். அண்ணன் சட்டைப் பையிலிருந்து ரசீதை எடுத்துக் கொடுத்தான். கேட்பார் என்று தெரிந்து தயாராகக் கொண்டுவந்திருந்தான். நான் மணவறையில் அழுததைப் பார்த்து, பிறந்த வீட்டைப் பிரிகிற துக்கம் என்று எல்லாரும் சமாதானம் சொன்னார்கள்.

அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அம்மா இருந்தவரை அம்மாவின் கண் ஒரு சாக்கு. அம்மா எழுபத்தைந்து வயதில் கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோத்துவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறம் என் வாயைக் கட்டியது முனியாண்டி இல்லை. வெட்கம். இவ்வளவு நாள் சும்மா இருந்துவிட்டு இப்போது என்ன என்கிற வெட்கம்.

தொடரைப் பார்த்து முடித்த அண்ணன் மகள், “இதுல எல்லாத்தயும் மாத்திட்டாங்க அத்த. புக்குல வாயில்காவலன் சண்டையே போட மாட்டான்,” என்றாள்.

எனக்குக் கத்தி நழுவியது. “புக்கு ஒன்கிட்ட இருக்கா?”

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். முழுப் புத்தகம், கடைசிப் பக்கம்வரை. கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு அந்த வரியைக் கண்டுபிடித்தேன். நான்காம் நாள் காவலன் வாயைத் திறந்தான். பக்கத்தைத் திருப்பினேன்.

அவன் தண்ணீர்தான் கேட்டான். நான் சொன்னது சரி. ஆனால் சந்தோஷப்பட நேரமில்லை. தண்ணீர் கொண்டுவந்தது, இருட்டில் ஒளிந்து வந்த, அவனோடு அதே உலைத்தீயில் கை வைத்த இன்னொரு சின்னக் காவலன். ‘உன்னோடு சத்தியம் செய்தவன் உன்னை விடுவிக்கலாம், அதுதான் நம் சட்டம்,’ என்கிறான் அவன். ‘நம் ஜனங்கள் எல்லாரும் மறுபக்கமாக வெளியேறிவிட்டார்கள். உள்ளே வெறும் கல்தான் இருக்கிறது. நான் உன்னை விடுவிக்கிறேன். சொல்லிவிட்டு உயிரோடு வா.’

கூடத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். பிள்ளை பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போனேன். அண்ணனுக்கு இப்போது சொந்தப் பட்டறை, வீடு பின்னால். அப்பா அங்கேதான் இருக்கிறார். எண்பத்து மூன்று வயது, காது கொஞ்சம் மந்தம், புத்தி தெளிவு. அண்ணனைப் பட்டறைக்குள் கூப்பிட்டுப் பக்கத்தைக் காட்டினேன். நின்றபடியே, உதடு அசைய, விரலை வைத்து மெதுவாகப் படித்தான். ஒரு காலத்தில் மூச்சு விடாமல் ஆங்கிலம் படித்தவன்.

“தண்ணியா கேட்டான்?” என்று சிரித்தான். அப்புறம் மீதியையும் படித்தான். சிரிப்பு நின்றது.

“அண்ணே,” என்றேன். “நா ஒன்ன விடுவிக்கிறேன்.”

“லூசா நீ? அம்பத்தஞ்சு வயசாவுது எனக்கு.”

“நீ யார்கிட்டயாவது சொல்லியிருக்கியா? அண்ணிகிட்ட? மககிட்ட?”

கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். சுத்தமான பிறகும் துடைத்தான்.

பிறகு உள்ளே போய், சாமி மேடையிலிருந்து ஒரு சின்னப் படத்தை எடுத்து வந்தான். அம்மா அன்று வெட்டி எடுத்துக் கண்ணாடி போட்ட லட்சுமி. அம்மா போன பிறகு அப்பாவோடு கிள்ளானுக்கு வந்தது. ஸ்க்ரூடிரைவரால் பின் அட்டையின் ஆணிகளை நெம்பினான். அப்பாவின் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து காகிதத்தைத் திருப்பி அவர் மடியில் வைத்தான்.

அப்பா பார்த்த உடனே அடையாளம் கண்டுகொண்டார். முகம் இறுகிவிட்டது.

“அப்பா, இது கதப்பா,” என்று அண்ணன் சத்தமாகச் சொன்னான். “இங்கிலீஷ் கதப் புக்கு. மண்ணுக்கடியில குள்ளனுங்க இருக்கிற கத. அத நம்ம தெருவுல வெச்சு வெளையாடுனோம். நகைக்கடைதான் ராஜா தூங்குற எடம். வேற ஒண்ணுமே இல்ல.”

“கதயா?”

“ஆமாம்ப்பா.”

“அப்ப ஏன்டா அன்னிக்கிச் சூடத்த அணைக்கல?”

“படத்துல என்ன இருக்குன்னு தெரியாதுன்னு சொல்லச் சொன்னீங்க. எனக்குத் தெரியுமேப்பா. சாமி முன்னாடி எப்படி இல்லன்னு சொல்றது? யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு அதுக்கு முன்னாடியே முனியாண்டிகிட்ட அணைச்சிருந்தேன்.”

அப்பாவின் தாடை ஆடிக்கொண்டிருந்தது.

“பன்னண்டு நாளு இருந்துச்சு,” என்றார். “பரீட்சைக்கு.”

அண்ணன் அவர் முழங்காலில் கை வைத்தான். “விடுங்கப்பா.”

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். அந்த ஆணி எழுத்தின் மேல் விரலை வைத்தார். மூன்று வரி. “என்ன எழுதியிருக்கு? படிச்சுக் காட்டு.”

“மொத வரி வாயில்காவலன். அது நான். ரெண்டாவது உலைத்தலைவன். அது டோபிக்கடைப் பையன், செத்துட்டான்ல, அவன்.”

அப்பாவின் விரல் கீழே இறங்கியது. “மூணாவது?”

அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை.

“அது மறந்துபோச்சுப்பா,” என்றான். “சும்மா எழுதுனது. யாரும் இல்ல.”

தன் உயிரே போனாலும் பொய்ச் சத்தியம் செய்யாதவன். எனக்காக, அப்பாவின் முகத்துக்கு நேரே, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் பொய் சொன்னான். அப்பாவும் தலையாட்டினார். நான் சும்மா நின்றிருந்தால் போதும், எல்லாம் முடிந்திருக்கும். முன்பும் சும்மா நின்றுதான் முடித்தேன்.

நான் அப்பா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவர் விரலைப் பிடித்து மூன்றாவது வரியில் வைத்தேன். நாற்பது வருடத்தில் ஓர் எழுத்துகூட எனக்கு மறக்கவில்லை.

“விளக்குக்காரின்னு எழுதியிருக்குப்பா,” என்றேன். “அது நான்.”